கம்பியில் ஓடியது மின்சாரம் மட்டும்தானா?

மின்காந்தப் புலம் புராஸ்டேட் புற்றுநோயைக் கொண்டுவருமா? இந்தக் கேள்வி பினாங்கின் ஜெலுத்தோங் காப்பிக்கடை மேசைக்கு வந்துவிட்டது. ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அந்தப் பேச்சில் நாம் கோட்டைவிடுவது எதை?

காலை ஏழரை மணி. ஜெலுத்தோங் சந்தைக்குப் பக்கத்துக் காப்பிக்கடை. மீன்கூடைகளிலிருந்து வழிந்த தண்ணீர் அஞ்சடியில் கோடு போட்டு ஓடுகிறது. எதிர்வரிசைக் கடைவீட்டின் உச்சியில், துணி காயும் கொடிக்கு மேலே, வெள்ளைப் பலகைகள் போல மூன்று ஆன்டெனாக்கள்.

என் முன்னால் இருந்தவருக்கு 74 வயது. பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கையில் மருத்துவமனை அட்டை. அடுத்த வாரம் ஹார்மோன் ஊசி.

"முப்பத்து மூணு வருஷம் மின்சார இலாகாவுல வேலை தம்பி. கம்பத்துல ஏறியிருக்கேன். சப்ஸ்டேஷன்ல ராத்திரி ராத்திரியா உக்காந்திருக்கேன். டிரான்ஸ்ஃபார்மர் காதுகிட்ட 'ம்ம்'னு முனகிக்கிட்டே இருக்கும். இப்ப புராஸ்டேட்ல கேன்சர்ங்கிறாங்க. அந்தக் கரண்டுதானே இது?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து மேசையிலிருந்து ஒரு கை மேலே நீண்டது. "கம்பியை விடுங்க. மேல வச்சிருக்கான் பாருங்க, அதுதான்." மூன்றாமவர் தன் காற்சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "ஹென்ட்ஃபோனைப் பையில வைக்காதேன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே!"

ஒரே மேசையில் மூன்று பயங்கள்: மின்கம்பி, கோபுரம், கைப்பேசி. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் பதில் கிடைக்காது. ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும்.

சந்தேகம் பிறந்த இடம்

மின்கம்பியின்மீது முதல் சந்தேகம் விழுந்தது 1979இல், அமெரிக்காவின் டென்வர் நகரில். நான்சி வெர்தைமர் என்ற ஆய்வாளர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் வீடுகளைத் தேடித் தெருத்தெருவாகப் போனார். அதிக மின்னோட்டம் பாயும் கம்பிகளுக்கு அருகில் அந்த வீடுகள் கூடுதலாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. இயற்பியலாளர் எட் லீப்பருடன் சேர்ந்து அதை வெளியிட்டார். இன்றுவரை நடக்கும் விவாதத்துக்கு அதுதான் வித்து.

குழந்தைகளைப் பற்றிய கேள்வி பிறகு தொழிலாளர்களுக்கு நகர்ந்தது. மின்சாரத்தோடு நாள் முழுக்கப் புழங்குபவர்கள் அவர்கள்தானே? புராஸ்டேட் தொடர்பான முக்கியமான ஆய்வு 2003இல் வெளிவந்தது. அமெரிக்காவின் ஐந்து மின்நிறுவனங்களில் வேலை பார்த்த 1,38,905 ஆண்களின் பதிவுகளை எடுத்தார்கள். புராஸ்டேட் புற்றுநோயால் இறந்த 387 பேரை, அதே வயதுடைய மற்ற ஊழியர்களோடு ஒப்பிட்டார்கள். காந்தப்புலத்துக்கு மிக அதிகமாக ஆட்பட்ட மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினருக்கு, குறைவாக ஆட்பட்டவர்களைவிட இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று கணக்கு வந்தது.

ஜெலுத்தோங் பெரியவரின் சந்தேகம் வெறும் காப்பிக்கடைப் பேச்சல்ல என்பதற்கு இந்த ஆய்வே சாட்சி. ஆனால் கதை இங்கே முடியவில்லை.

அந்த ஆய்வு ஒவ்வொருவரின் உடம்பிலும் கருவி கட்டி அளந்ததல்ல. எந்த வேலைக்கு எவ்வளவு புலம் என்று சராசரி போட்டு, வேலைப் பெயரை வைத்து ஆளை வகைப்படுத்தியது. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா, யார் இரவு வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. 1994இல் கனடா, பிரான்ஸ் நாடுகளின் மின்நிறுவன ஊழியர் 2,23,292 பேரை வைத்து நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், சில ரத்த, மூளைப் புற்றுநோய்களில் மட்டும் சந்தேகத்துக்கு இடம் இருந்தது. ஆராயப்பட்ட மற்ற 29 வகைப் புற்றுநோய்களில் காந்தப்புலத்தோடு தொடர்பு தென்படவில்லை.

ஓர் ஆய்வு மணி அடிக்கலாம். அதே ஓசை அடுத்தடுத்த ஆய்வுகளிலும் கேட்டால்தான் அது உண்மையாகும். புராஸ்டேட் விஷயத்தில் அந்த ஓசை திரும்பத் திரும்பக் கேட்கவில்லை.

▪▪▪
பெட்டிச் செய்தி: வீட்டுக்குள் காந்தப்புலம்

உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலிலிருந்து (மைக்ரோடெஸ்லா அளவில், 3 சென்டிமீட்டர் தூரத்தில்):

• முடி உலர்த்தி: 6 முதல் 2,000 வரை
• மின்சவரக் கருவி: 15 முதல் 1,500 வரை
• துணி துவைக்கும் இயந்திரம்: 0.8 முதல் 50 வரை
• குளிர்பதனப் பெட்டி: 0.5 முதல் 1.7 வரை

முடி உலர்த்தியை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் புலம் 0.01 முதல் 7 வரை என்று இறங்கிவிடும். பொதுமக்களுக்கான அனைத்துலக வரம்பு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, 1998இல் 100 மைக்ரோடெஸ்லா. 2010இல் அது 200 ஆனது.
▪▪▪

கதிர்வீச்சு என்ற ஒரே சொல்

வட மலேசியாவில் 'கதிர்வீச்சு' என்றாலே வயிறு கலங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் 1982இல் ஏசியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் இருந்தது. ஊர்மக்கள் 1985இல் நீதிமன்றம் போனார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் தோள்கொடுத்தது. 1992 ஜூலை 11இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியது. ஆனாலும் 1994 ஜனவரியில் ஆலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைப் பற்றிய வேதனை அந்த ஊரைவிட்டு இன்னும் போகவில்லை.

தோரியம் உமிழ்வது அயனியாக்கும் கதிர்வீச்சு. எக்ஸ்ரே போல, அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறியும் வலு அதற்கு உண்டு. மரபணுவை நேரடியாக உடைக்கும். மின்கம்பியின் புலத்துக்கும் கைப்பேசி அலைக்கும் அந்த வலு இல்லை. கைப்பேசி அலை மிகுந்தால் சூடேற்றும். மின்கம்பியின் புலம் மிகமிக அதிகமானால் நரம்பைக் கூசச்செய்யும். அனைத்துலக வரம்புகள் இந்த இரண்டையும் தடுக்கத்தான் போடப்பட்டன.

மின்கம்பியின் புலமும் கைப்பேசி அலையும்கூட ஒன்றல்ல. மின்கம்பியில் ஓடுவது நொடிக்கு 50 சுற்று அலைபாயும் மின்னோட்டம். கைப்பேசி அலை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை துடிப்பது. ஒன்றில் கண்டதை எடுத்து இன்னொன்றின் தலையில் கட்ட முடியாது.

2பி என்பதன் பொருள்

வாட்ஸ்அப் செய்திகளில் தவறாமல் வரும் வரி, "உலகச் சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டது" என்பது. ஒப்புக்கொண்டது என்ன?

அந்நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, மின்சாரத்தின் காந்தப்புலத்தை 2002இல் '2பி' பிரிவில் சேர்த்தது. காரணம் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய். வீட்டில் சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த மிகச் சில குழந்தைகளிடம் நோய் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. 2011 மே மாதம், பிரான்சின் லியோன் நகரில் 14 நாடுகளின் 31 அறிவியலாளர்கள் கூடி, ரேடியோ அலைகளையும் அதே பிரிவில் வைத்தார்கள். அங்கே காரணம் மூளைக் கட்டியும் செவிநரம்புக் கட்டியும். இரண்டு முடிவுகளிலும் புராஸ்டேட் காரணமாகக் காட்டப்படவில்லை.

2பி என்றால் 'புற்றுநோய் தரக்கூடும், சான்று போதாது' என்று பொருள். நாம் உட்கார்ந்திருந்த மேசையில் ஆவி பறந்த காப்பியும் 1991இலிருந்து 2016 வரை, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில், இதே பட்டியலில்தான் இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அந்தச் சந்தேகத்தைத் தாங்கிப் பிடிக்காததால் எடுத்துவிட்டார்கள். பட்டியலில் ஏறுவது விசாரணையின் தொடக்கம். சிலது மேலே ஏறும், சிலது இறங்கும்.

ரேடியோ அலை விசாரணை இன்னும் நடக்கிறது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் தன் எலி ஆய்வை வெளியிட்டது. நாளுக்கு ஒன்பது மணி நேரம், ஈராண்டு, உடம்பு முழுக்க அலை பாய்ச்சினார்கள். ஆண் எலிகளின் இதயத்தில் அரிய வகைக் கட்டிகளுக்குத் தெளிவான சான்று கிடைத்தது. புராஸ்டேட் கட்டிகளும் சில எலிகளிடம் தென்பட்டன. ஆனால் அவை அலையால் வந்தவையா என்று உறுதியாகச் சொல்ல முடியாதென்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அலை பாய்ந்த ஆண் எலிகள், பாயாதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதும் அதே அறிக்கையில் உண்டு.

மனிதர்களிடம் நடந்த 63 ஆய்வுகளைத் தொகுத்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளில் 2024இல் வந்த மதிப்பாய்வு, கைப்பேசியால் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்றது. மூளைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசியே இந்த நிலை. பையில் கிடக்கும் கைப்பேசி புராஸ்டேட்டைத் தாக்குகிறது என்று சொல்ல மனித ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத சந்தேகநபர்: இரவு

பெரியவர் சொன்னதில் ஒரு சொற்றொடர் என்னை விடவில்லை. "ராத்திரி ராத்திரியா."

1987இல் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கருத்தை வைத்தார். மின்சாரம், அதன் புலத்தாலோ இரவில் அது தரும் வெளிச்சத்தாலோ, மெலடோனின் என்ற ஹார்மோனைக் குறைத்துப் புற்றுநோய்க்கு வழிவிடலாம் என்றார். இருட்டில் சுரந்து உடம்புக்கு 'இது இரவு' என்று சொல்லும் ஹார்மோன் அது. புலத்தைப் பற்றிய பாதி பலப்படவில்லை. வெளிச்சத்தைப் பற்றிய பாதி பலப்பட்டது. 2007இல் அதே புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுமுறை வேலையை 2பிக்கு ஒருபடி மேலான '2ஏ' பிரிவில், அதாவது புற்றுநோய் தர வாய்ப்பு அதிகம் என்ற பிரிவில், வைத்தது. 2019இல் அதை மறுபடி ஆராய்ந்து உறுதிசெய்தது. மார்பகம், பெருங்குடல், மலக்குடல் ஆகியவற்றோடு புராஸ்டேட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

மின்நிலையத்தில் வேலை பார்த்தவர் காந்தப்புலத்துக்குள் மட்டும் இருக்கவில்லை. விடிய விடிய விளக்கடியில் இருந்தார். அந்நாளைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கலந்திருந்த பிசிபி என்ற வேதிப்பொருளையும் தொட்டார். 2003 ஆய்வு அதையும் மதிப்பிட்டு, பலவீனமான ஒரு தொடர்பைக் கண்டது. ஒரு தொழிலாளியின் உடம்பில் எது என்ன செய்தது என்று பிரிப்பது, ஊறவைத்த பருப்பிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது போன்ற எளிய வேலையல்ல.

பினாங்கு இன்று இரவில் தூங்காத ஊர். பாயான் லெப்பாஸ் ஆலைகளில் விடிய விடிய முறைவேலை. காவல்காரர்கள், தாதியர், லோரி ஓட்டுநர்கள் என்று ஜெலுத்தோங்கின் எத்தனையோ வீடுகள் பகலில் திரை போட்டுத் தூங்குகின்றன. கோபுரத்துக்கு எதிராக மனு எழுதும் நாம், இந்த இரவுகளைப் பற்றி ஒரு மனுவும் எழுதியதில்லை. முறைவேலைக்காரருக்கு வேலையிடத்திலேயே ஆண்டுதோறும் உடற்பரிசோதனை, யார் எத்தனை இரவு வேலை பார்த்தார் என்ற பதிவு: இவை இரண்டும் கேட்டுப் பெற வேண்டியவை. பதிவு இல்லாமல், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் போய், "என் நோய் வேலையால் வந்தது" என்று ஒரு தொழிலாளி எதை வைத்து நிரூபிப்பார்?

தவறிப்போகும் நாள்கள்

மின்கம்பி, கோபுரம், கைப்பேசி பற்றிய பயத்தின் உண்மையான விலை வேறிடத்தில் கட்டப்படுகிறது.

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரை 1,15,238 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஆண்களிடம் பெருங்குடல், நுரையீரலுக்கு அடுத்து மூன்றாவது இடம் புராஸ்டேட். அதைவிட மனத்தை உறுத்தும் எண் ஒன்று உண்டு. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்து, மூன்றாம் நான்காம் கட்டத்தில் கண்டறியப்பட்டவர்கள் 63.7 விழுக்காடு. அதற்கு முந்தைய ஐந்தாண்டில் அது 58.7. மருத்துவம் முன்னேற முன்னேற, நாம் பின்னால் போயிருக்கிறோம்.

புராஸ்டேட்டில் காலம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். அமெரிக்கப் பதிவுகளில், சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டைத் தாண்டுபவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய நூறு பேர். எலும்புக்குப் பரவிய பிறகென்றால் மூன்றில் ஒருவர்தான்.

ஆரம்பத்தில் இந்த நோய் வலிக்காது. இரவில் நாலு முறை எழுந்தால், "வயசானா அப்படித்தான்" என்போம். பெரும்பாலும் அது சாதாரண வீக்கமாகவே இருக்கும் என்பதும் உண்மை. இடுப்பு வலித்தால் தைலம் போட்டு உருவிவிடுவோம். அந்த இடுப்பு வலியே, எலும்புக்குப் போய்விட்ட நோயின் முதல் தகவலாகச் சிலருக்கு அமைகிறது. மனைவியிடம் சொல்லக் கூச்சம். மகனிடம் சொல்லக் கௌரவம். மருத்துவர் விரல்விட்டுப் பார்ப்பார் என்ற நினைப்பே பலரை வாசலோடு திருப்பிவிடுகிறது.

கோபுரம்தான் காரணம் என்று நம்பிவிட்டால், செய்வதற்கு நம் கையில் எதுவும் இல்லை என்றாகிவிடும். அந்த நம்பிக்கையை வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். கைப்பேசியில் ஒட்டும் 'கதிர்தடுப்பு' வில்லைகள் பயனற்றவை, சிக்னலைக் கெடுத்துக் கைப்பேசியைக் கூடுதல் வலுவோடு உமிழவைக்கலாம் என்று அமெரிக்க வணிக ஆணையம் எச்சரித்திருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுசக்திப் பாதுகாப்பு அமைப்பு, 5ஜி அலையைத் தடுக்கும் என்று விற்ற பதக்கங்கள் முதலான பத்துப் பொருள்களைச் சோதித்தது. அவை அயனியாக்கும் கதிர்வீச்சை உமிழ்ந்தன. நிரூபிக்கப்படாத ஆபத்துக்குப் பயந்து, இருக்கிற ஆபத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

▪▪▪
பெட்டிச் செய்தி: யார், எப்போது?

• உறுதிசெய்யப்பட்ட முதன்மைக் காரணங்கள்: வயது, குடும்ப வரலாறு, பரம்பரை. தந்தைக்கோ சகோதரனுக்கோ நோய் இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. மார்பக, சூலகப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பிஆர்சிஏ2 மரபணுக் கோளாறு ஆண்களையும் தொடும்.
• 50 வயதில் மருத்துவரோடு பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். குடும்பத்தில் நோய் இருந்தால் 45 வயதிலேயே.
• பிஎஸ்ஏ கூடினால் புற்றுநோய் என்று பொருளல்ல. வீக்கம், கிருமித்தொற்று, மிதிவண்டி ஓட்டம்கூட அதைக் கூட்டும். பிஎஸ்ஏ கூடியதால் திசு எடுத்துப் பார்க்கப்பட்டவர்களில் நால்வரில் ஒருவருக்கே நோய் உறுதியாகிறது.
• சிறுநீரில் ரத்தம், தொடரும் முதுகெலும்பு வலி இருந்தால் வயது பார்க்காமல் உடனே போங்கள்.
▪▪▪

பரிசோதனைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் சுமார் 1,62,000 ஆண்களை 23 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, பிஎஸ்ஏ பரிசோதனையால் இந்த நோயின் மரணம் 13 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. ஆனால் ஆயுளுக்கும் தொல்லை தராமல் இருந்திருக்கக்கூடிய மெதுவான கட்டிகளும் அதில் அகப்படும். பிரிட்டனில் 1,643 பேரை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2023இல் வந்த முடிவு ஆறுதல் தருவது. அறுவை செய்தாலும், கதிர்ச்சிகிச்சை கொடுத்தாலும், கண்காணித்துக் காத்திருந்தாலும், சுரப்பிக்குள் அடங்கிய நோயால் இறந்தவர்கள் 3 விழுக்காட்டளவில்தான். ஆக, கண்டுபிடித்தவுடன் கத்தி என்ற பயமும் வேண்டாம்.

அரசாங்கக் கிளினிக்கில் சீட்டு 1 வெள்ளி. மனம் திறந்து கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

கோபுரத்தைக் கேட்கும் உரிமை

இதையெல்லாம் சொல்வதால், கோபுரத்துக்கு எதிராகப் பேசுவது அறியாமை என்று ஆகிவிடாது. வீட்டுக்கூரைக்கு எதிரே திடீரென்று ஒரு சாதனம் முளைத்தால், யார் அனுமதித்தது, எவ்வளவு உமிழ்கிறது என்று கேட்பது குடிமகனின் உரிமை.

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2010இல் கோபுரங்களின் உமிழ்வுக்குக் கட்டாயத் தரநிலையைக் கொண்டுவந்தது. அது அனைத்துலக வரம்பை ஒட்டியது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒன்றாக, 0.45ஆகக் குறைத்தது. சான்று முழுமையாகாதபோது எச்சரிக்கையின் பக்கம் சாய்வது அந்நாட்டின் தேர்வு.

ஆன்டெனா, கலங்கரை விளக்கைப்போல வெளிநோக்கி வீசுகிறது. நேர் கீழே உள்ள வீட்டில் அலை பெரும்பாலும் குறைவு. கோபுரம் தூரத்தில் இருந்தால் கைப்பேசிதான் முக்கித் தக்கி உமிழும், அதுவும் நம் உடம்பை ஒட்டி. எனவே "அகற்று" என்பதற்கு முன் "அளந்து காட்டு" என்று கேட்போம். அளவீட்டை நான்கு மொழிகளிலும் எழுதி, அதே கட்டடத்தின் கீழே ஒட்டச் சொல்வோம். ஒளிவுமறைவு இருக்கும்வரை எந்த அறிவியலும் மக்களிடம் எடுபடாது.

மறுபடி காப்பிக்கடையில்

இதையெல்லாம் பெரியவரிடம் என்னால் இயன்றவரை சுருக்கிச் சொன்னேன். கரண்டால் வரவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, வந்தது என்று சொல்லவும் சான்று இல்லை என்றேன். அவர் ஏமாந்த மாதிரி தெரிந்தது. காரணம் தெரியாத நோயைவிட, காரணம் தெரிந்த நோய் கொஞ்சம் தாங்கக்கூடியது.

"ஐயா, உங்க குடும்பத்துல வேற யாருக்காவது?" என்று கேட்டேன்.

குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அண்ணனுக்கு இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல தோட்டக்காரரா இருந்தார். கரண்டு கம்பி பக்கமே போகாத மனுஷன்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். அந்த இரண்டையும் அவர் இதுவரை சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை போலும்.

"உங்களுக்குப் பசங்க?"

"ரெண்டு பேரு. மூத்தவனுக்கு நாப்பத்தாறு."

அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்தார். எண்ணைத் தேடக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. மறுமுனையில் மகன் எடுத்ததும் நலம் விசாரிக்காமல் நேராக ஆரம்பித்தார்: "அய்யா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பெரியப்பா எதுல போனார்னு உனக்குத் தெரியுமா?"

நான் எழுந்து காப்பிக்குக் காசு கொடுக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அவர் பேசிக்கொண்டிருந்தார். எதிர்க் கடைவீட்டு மேலே அந்த மூன்று வெள்ளைப் பலகைகள் வெயிலில் நின்றன. அவற்றை அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.